ஐந்து தெரு தள்ளி ஒரு மயில்

மார்ச் 13, 2022, ஞாயிறு. ஜெர்சி சிட்டி

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாள். தூக்கத்தில் ஒரு மணி நேரம் போச்சு. சாயங்காலம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில் ஆடப்போகும் 68 அணிகள் பட்டியலை டிவியில் வாசித்தார்கள். நான்கு வட்டாரம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. ஒன்று என்றால் யானை, பதினாறு என்றால் யானை மிதிக்கிற புல். கிழக்கு வட்டாரத்தில் இரண்டாம் எண் கென்டக்கி. அதோடு மோதப் பதினைந்தாம் எண்ணாக செயின்ட் பீட்டர்ஸ் என்றார்கள்.

கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி, கென்னடி புலவார்டில் இருக்கிற காலேஜ் அது. ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். துவரம்பருப்பு வாங்க நியூவார்க் அவென்யூ போகும்போதெல்லாம் அதன் வாசலைத் தாண்டித்தான் போவேன். உள்ளே கால் வைத்ததில்லை. நேற்று அட்லாண்டிக் சிட்டியில் மான்மத் அணியை 60-54 என்று வென்று, தங்கள் பிரிவின் கோப்பையோடு உள்ளே வந்திருக்கிறார்கள். அதுகூட எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஆஃபீஸில் ஆளுக்குப் பத்து டாலர் பந்தயம். எல்லா ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கென்டக்கியைக் கடைசி நான்கு வரை கொண்டுபோய் வைத்தேன். பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மார்ச் 16, புதன்

அணியின் சின்னம் மயில். கல்லூரி விளையாட்டின் முதல் டிவிஷனில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் கல்லூரிகளில் மயில் வைத்திருப்பது இவர்கள் மட்டும்தானாம். புலி, கரடி, கழுகு என்று எல்லோரும் எடுத்துக்கொண்ட ஊரில் மயில் எப்படி வந்தது என்று தேடினேன். 1630-இல் இந்தக் கரையில் நிலம் பிடித்த டச்சுக்காரரின் பெயர் பாவ். டச்சில் அதற்கு மயில் என்று அர்த்தம். அதை லத்தீனாக்கி இந்த இடத்துக்கு பவோனியா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பவோனியா அவென்யூ என்றே ஒரு தெரு இருக்கிறது. மயில் தெருவைத் தாண்டித்தான் இத்தனை நாள் முடிவெட்டப் போயிருக்கிறேன்.

மகளிடம் சொன்னேன். "அப்போ முருகன் டீமா அப்பா?" என்றாள். இல்லை கண்ணு, பாதிரிமார் நடத்துற காலேஜ் என்றேன். அதனால் என்ன என்பதுபோல் பார்த்தாள்.

மார்ச் 17, வியாழன், ராத்திரி

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இண்டியானாபொலிஸில் ஏழு மணிக்கு மேல் ஆட்டம். எங்கள் ஆஃபீஸ் டீமில் கென்டக்கியின் லெக்சிங்டனைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். "உங்க ஊர் காலேஜாமே, பாவம்" என்று மத்தியானமே மெசேஜ் போட்டிருந்தார். பாவம் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் எட்டு முறை தேசிய சாம்பியன். அவர்களுடைய அரங்கில் இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். செயின்ட் பீட்டர்ஸ் அரங்கில் 3,200 இருக்கை. கென்டக்கி கோச் ஜான் கலிபாரிக்கு வருஷத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். நம்ம கோச் ஷஹீன் ஹாலோவேக்கு இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். (பாருங்கள், "நம்ம" கோச் என்று அதற்குள் எழுதிவிட்டேன்.)

முதல் பத்து நிமிஷம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். அப்புறம் தட்டில் ரசம் சாதம் அப்படியே காய்ந்துவிட்டது. இவர்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே ஒரு மலை. 30 புள்ளி, 16 ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அவரைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் நம்ம ஆட்கள் அவரை ஒருபக்கம் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் மறித்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இந்தப் பக்கம் டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி. பெஞ்சிலிருந்து எழுந்து வந்த டக் எடர்ட் 20. எடர்ட் பக்கத்து ஊர் நட்லிக்காரர். மீசையைப் பார்த்தால் எண்பதுகளில் எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில் நின்றவர்போல இருப்பார். கடைசி அரை நிமிஷத்தில் அந்த மீசைக்காரர் ஓடிக்கொண்டே பந்தை மெதுவாக மேலே தூக்கிவிட்டார். அது வளையத்துக்குள் விழுந்தது. 71-71.

சமநிலை என்பதால் கூடுதல் நேரம், அதாவது ஓவர்டைம். அதில் நம்ம பக்கம் 14, அவர்கள் பக்கம் 8. முடிவு 85-79.

அதிசயம், அதிர்ஷ்டம் என்று டிவியில் கத்திக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கென்டக்கிக்கு 35 ஃப்ரீ த்ரோ கிடைத்தது, உள்ளே போனது 23. யாருமே மறிக்காத, நின்ற இடத்திலிருந்து போடுகிற பந்தில் பன்னிரண்டைத் தவறவிட்டார்கள். ஆறு புள்ளியில் தோற்றார்கள். கணக்கு அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்தபோது ஊரில் விடிந்து ஏழு மணி தாண்டியிருந்தது. அம்மா போன். "மருதமலைக்குக் கிளம்பிட்டிருக்கேன் சாமி, இன்னைக்குப் பங்குனி உத்திரமில்ல" என்றாள். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "மயிலு செயிச்சுதா? நல்லதுதானே. நீ சாப்டியா?"

மார்ச் 18, வெள்ளி

ஆஃபீஸ் பந்தயத்தில் 41 பேரில் 38-ஆவது இடம். கென்டக்கியை நம்பிய எல்லோருக்கும் இதே கதி. லெக்சிங்டன்காரர் இன்று லீவு.

ராத்திரி தூக்கம் வராமல் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. நானும் காலேஜ் டீமில் ஆடியவன்தான். ஈரோடு பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ். சிமென்ட் கோர்ட், வலை இல்லாத வளையம். ஜோனல் மேட்சுக்குக் கோயமுத்தூர் போனோம். எதிரணி முழுக்க ஒரே மாதிரி ட்ராக் சூட்டில் இறங்கி வார்ம்-அப் செய்தது. எங்கள் பனியனில் நம்பரை பி.டி. சார் முந்தின ராத்திரி பிளாஸ்டர் ஒட்டிப் போட்டிருந்தார். வேர்த்ததும் என் 9-இன் வால் கழன்று அது 0 ஆகிவிட்டது. ஸ்கோர் எழுதுகிறவர் என்னைக் கூப்பிட்டு "தம்பி, நீ யாரு?" என்று கேட்டார். 78-31 என்று தோற்றோம். அந்த 31-இல் என்னுடையது இரண்டு, அதுவும் ஃப்ரீ த்ரோ.

பெரிய அணியிடம் ஆடப் போகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். அவர்கள் வார்ம்-அப் செய்வதைப் பார்க்கவே கூடாது. நாங்கள் பார்த்தோம். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

மார்ச் 19, சனி

முர்ரே ஸ்டேட் 31 ஜெயித்து 2 மட்டும் தோற்ற அணி. தொடர்ந்து 21 ஆட்டம் தோற்கவே இல்லை. இன்று நம்மிடம் 70-60 என்று தோற்றது. நம்ம கே.சி. எண்டெஃபோ 17 புள்ளி, 10 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தடுப்பது). தங்கள் பிரிவில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கிய ஆள். உயரம் ஆறடி ஏழு அங்குலம்தான். குதிக்க வேண்டிய நொடி எது என்று அவருக்கு மட்டும் யாரோ காதில் சொல்வதுபோல இருந்தது.

முடிந்ததும் ஹாலோவேயிடம், அவங்க முரட்டுத்தனமா ஆடினாங்களே என்கிற மாதிரி ஏதோ கேட்டார்கள். எங்க பசங்க நியூஜெர்சி, நியூயார்க் பசங்க, நாங்க எதுக்காவது பயப்படுவோம்னு நினைக்கிறீங்களா என்று திருப்பிக் கேட்டார். வீட்டுக்காரி கைதட்டினாள். இதுவரை ஒரு நிமிஷம்கூட ஆட்டம் பார்க்காதவள்.

மார்ச் 22, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலேஜ் பக்கம் நடந்தேன். இளநிலை மாணவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். நம் ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதல் இரண்டு வருஷத்தில் மட்டும் அவ்வளவு பேர் இருப்பார்கள். 1872-இல் தொடங்கி, 1918-இல் மூடி, 1930-இல் திரும்பத் திறந்த கல்லூரி. அரங்கின் பெயர் 'ரன் பேபி ரன்'. 1968-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டியூக் அணியை 100-71 என்று ஓட ஓட விரட்டிய டீமுக்கு இருந்த பட்டப்பெயர் அது. அதற்குப் பிறகு இத்தனை வருஷம் சொல்லிக்கொள்ள அந்த ஒரு கதைதான். தேசியப் போட்டிக்கு 1991, 1995, 2011 என்று மூன்று முறை போனார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை, போன வாரம் வரை.

மயில் போட்ட சட்டை வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். குழந்தைகள் சைஸும் டபுள் எக்ஸ்.எல்லும் மட்டும் மீதி. பின்னால் நின்ற பெரியவர், "நாப்பது வருஷமா இந்தச் சட்டை இங்கே தூசி படிஞ்சு கிடந்தது" என்று சொல்லிச் சிரித்தார். என்னைத்தான் சொல்கிறாரோ என்று இருந்தது. ஆறு வருஷமாக வாசலைத் தாண்டிப் போனவன் இன்று சட்டை வாங்க வரிசையில் நிற்கிறேன். ஒன்றும் பேசாமல் மகளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 25, வெள்ளி, நள்ளிரவு

பர்டூ பல்கலைக்கழக அணியைச் சாய்த்துவிட்டார்கள். 67-64. பதினைந்தாம் எண் அணி கடைசி எட்டுக்குள் போவது சரித்திரத்தில் இதுதான் முதல் முறை.

ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட இல்லை, ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். பர்டூவில் ஸாக் எடி என்று ஒருவர், ஏழடி நான்கு அங்குலம். நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் வளையம் பக்கத்தில். அவர் கைக்குப் பந்து வந்துவிட்டால் ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் பந்து அவர் கைக்கு வரும் பாதையிலேயே நின்றுகொண்டார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், இன்னொருவர் பந்து வைத்திருப்பவரின் மூக்கின்மேல். மாலியிலிருந்து வந்த டிராமே இரட்டையர்களில் யார் ஃபூசெய்னி, யார் ஹஸன் என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஒருவர் கீழே விழுந்து எழுவதற்குள் இன்னொருவர் விழுந்தார். பர்டூ 15 முறை பந்தைக் கோட்டைவிட்டது. இதைத்தான் எங்கள் பி.டி. சார் "பந்தைப் பாக்காதடா, வழியைப் பாரு" என்று கத்துவார். அப்போது புரியவில்லை.

முடிவில் மீசைக்காரர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். மகள்தான் சத்தம் போட்டாள்.

அப்புறம் ஜன்னலைத் திறந்தால் கென்னடி புலவார்டு முழுக்க ஹாரன். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு மூவரும் இறங்கினோம். யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர் சிக்னல் பச்சை விழுந்தும் நகராமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மகள் போட்டிருந்த மயில் சட்டையைப் பார்த்து ஒரு மாணவன் அவளுக்கு சல்யூட் அடித்தான்.

மார்ச் 27, ஞாயிறு

நார்த் கரோலினா 69, செயின்ட் பீட்டர்ஸ் 49.

ஆரம்பமே 9-0. பாதி ஆட்டத்தில் 38-19. அவர்களுடைய ஆர்மண்டோ பேகாட் தனி ஆளாக 20 புள்ளி, 22 ரீபவுண்ட். நம்ம ஆட்கள் போட்ட பந்து வளையத்தில் பட்டுப் பட்டு வெளியே வந்தது. போனால் போகட்டும் என்று பிடிக்க ஓடினால் அங்கே ஏற்கெனவே பேகாட் நிற்கிறார். பர்டூவிடம் பலித்த எந்த வித்தையும் இங்கே பலிக்கவில்லை. நார்த் கரோலினாவின் கை முதல் நிமிஷத்திலிருந்தே ஓங்கியிருந்தது. மூன்று ஆட்டத்தில் பெரிய அணிகள் இவர்களைச் சாதாரணமாக நினைத்தன. நார்த் கரோலினாக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை என்று தோன்றியது.

இரண்டாம் பாதி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். 78-31-இல் ஆடியவன் பாதியில் எழுந்து போகக் கூடாது. இருபது புள்ளி பின்தங்கியிருந்தும் எண்டெஃபோ ஒரு பந்தைத் தடுக்கக் குதித்தார். அந்த ஒரு தாவலுக்காகவே உட்கார்ந்தது தகும்.

மகள் அழுதுகொண்டே தூங்கினாள். சட்டையைக் கழற்ற விடவில்லை.

மார்ச் 30, புதன்

ஹாலோவே போகிறார். சீட்டன் ஹாலுக்கு, அவர் படித்து ஆடிய காலேஜுக்கே கோச்சாக. ரொம்ப தூரம் இல்லை, இதே நியூஜெர்சிதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே இரண்டு முறை அதிகச் சம்பளத்துக்குக் கம்பெனி மாறியவன். ஆனாலும் மூன்று நாள்கூட ஆகவில்லையே என்று இருந்தது.

ஜூலை 9, சனி

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். டீம் கலைந்துவிட்டது. எடர்ட் பிரையன்ட் காலேஜுக்கு, பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சருக்கு, இரட்டையர்கள் லா சாலுக்கு. எண்டெஃபோ தன் கோச்சுக்குப் பின்னாலேயே சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். வேக்னர் காலேஜிலிருந்து பஷீர் மேசன் புதுக் கோச்சாக வந்திருக்கிறார். வருகிற சீசனில் இவர்கள் எத்தனை ஜெயிப்பார்கள் என்று லெக்சிங்டன்காரரிடம் கேட்டேன். நெற்றியைச் சுருக்கினார்.

சாயங்காலம் மளிகை வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்தேன். அரங்கின் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு துடைப்பானும் வாளியும். கையில் கறிவேப்பிலைக் கட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து, சீசன் டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டு மெயில் போட்டேன். சனிக்கிழமை ராத்திரியிலும் பதில் வந்துவிட்டது. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

மூன்று என்று எழுதினேன்.