ரிட்டர்ன் பெட்டிக்குப் போக வேண்டிய பாதாம் பால்

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. அப்பா எல்லோருக்கும் அண்ணாச்சி, நான் எல்லோருக்கும் தம்பி. எனக்கு நாற்பது தாண்டியும் தம்பிதான்.

போன பங்குனிப் பொங்கல் சமயம். பின்தெரு அக்கா ராத்திரி எட்டரைக்கு வந்து கல்லாவில் ஒரு காலி பாதாம் பால் பாட்டிலை வைத்தார். "அண்ணாச்சி, தேதியப் பாருங்க. பிள்ள ஆறு மணியிலிருந்து வாந்தி."

மூடியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக அச்சு. போன் டார்ச்சைப் பிடித்தால்தான் தெரிந்தது: தேதி முடிந்து ஒன்பது நாள். சாயங்காலம் நாலு மணிக்கு நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அது எப்படி ஃப்ரிட்ஜுக்குள் வந்தது என்பதுதான் கேவலம். காலாவதியான சரக்கை ஏஜென்சிக்காரர் வரும்போதெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார், இரண்டு மூன்று மாதம் இழுப்பார். அதுவரை கல்லாவுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஃப்ரிட்ஜ் காலியானதும், புதிதாகச் சேர்ந்த பையன் அந்தப் பெட்டியையும் புதுச் சரக்கென்று நினைத்து அடுக்கிவிட்டான். பெட்டியின் மேல் ஒரு வார்த்தை எழுதி ஒட்டியிருந்தால் போதும். நான் ஒட்டவில்லை.

அக்காவிடம் முதலில் நான் கேட்டது, "மத்தியானம் எங்கக்கா சாப்பிட்டீங்க?" கல்யாண வீடாம். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றொரு கிருமி சாப்பாட்டில் விட்டுவைக்கும் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஒன்றிலிருந்து ஆறேழு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கும். சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமி என்றால் மூன்று நாள்கூட ஆகலாம். கடைசியாக வாயில் போட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை நான் எடுத்துவிட ஆரம்பித்ததும் அப்பா கையமர்த்தினார். "தேதி போனத வித்தது நாம. அதுக்குப் பதில் சொல்லு." அக்காவையும் அவர் பையனையும் ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிச் செலவையும் அவரே கட்டினார். ஒரு பாட்டில் டிரிப்ஸ். காலையில் பையன் இட்லி கேட்டான்.

மறுநாள் வக்கீல் மச்சானிடம் கேட்டேன், அப்பாதான் சரி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 27. காலாவதி தேதிக்குப் பிறகு விற்றால் விற்றவர் பொறுப்பு. யாருக்கும் வயிறு வலிக்கவே வேண்டாம். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் நம் தலையில்தான் விழும். ஏஜென்சி பில்லைக் குப்பையில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். பாதிப்பு நிரூபணமானால் பிரிவு 65-இன்படி இழப்பீடு: சாதாரணப் பாதிப்புக்கு 1 லட்சம் வரை, கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, உயிர் போனால் குறைந்தது 5 லட்சம். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் சிறை தனி, குறைந்தது ஏழு வருஷம்.

"ஆனா அந்தக்கா கேஸ் போட்டா ஜெயிக்குமா?" என்றேன். மச்சான் சிரித்தார். தேதி போனதை விற்றதற்கு பாட்டிலும் பில்லும் போதும். அதனால்தான் வாந்தி வந்தது என்று இழப்பீடு கேட்கத்தான் கஷ்டம். டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, மிச்சம் இருந்ததா, ஆய்வகம் என்ன சொன்னது, அதையே குடித்த வேறு யாருக்காவது வந்ததா, எல்லாம் கேட்பார்கள். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எங்கள் கடையில் பாதாம் பாலுக்கெல்லாம் யாருக்கும் பில் போட்டதில்லை. அப்புறம்தான் உறைத்தது, அக்காவிடம் சாட்சியே நாங்கள் மட்டும்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் ஒழுங்காகப் புரிந்தது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதிவரை ருசி, மணம் குறையாது என்று அர்த்தம். தாண்டினாலும் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றில்லை. 'யூஸ் பை', 'எக்ஸ்பயரி' அப்படியில்லை, தாண்டினால் விற்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பதினைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

ஏஜென்சிக்காரர் அடுத்த வாரம் வந்தார். மிச்ச பாட்டில்களைப் பார்த்து, "கொதிக்க வச்சு அடைச்ச பால்ணே, ஒம்பது நாள்ல ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றைத் திறந்து நீட்டினேன். இப்போதுதான் டீ குடித்தாராம்.

பெட்டியில் இப்போது சிவப்பு மார்க்கரில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறது. அக்கா கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. எதை வாங்கினாலும், அப்பளக் கட்டானாலும், திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பார். நான் டார்ச்சைப் போட்டுக் காட்டுவேன்.