ஷ்மால்கால்டனில் பிரிக்கப்படாத கடிதங்கள்

ஜெர்மனியின் ஐசெனாக்கில் ரயிலேறி, வெர்ன்ஸ்ஹவுசனில் வண்டி மாறி ஷ்மால்கால்டனில் இறங்கினேன். பிப்ரவரிக் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. வேண்டுமென்றேதான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். போப்பின் அழைப்பு ஒன்றுக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவுசெய்ய, சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் பக்கம் நின்ற இளவரசர்கள் 1537-இல் இங்கே கூடியதும் பிப்ரவரியில்தான்.

லுத்தரன் சபையில் வளர்ந்தவள் நான். ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்த காலத்திலேயே இந்த ஊரின் பெயர் காதில் விழுந்திருக்கிறது. சபையின் விசுவாச அறிக்கைகளில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பழைய சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். வழியெங்கும் மரச்சட்டங்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய வீடுகள். சதுக்கத்தில் நகர மன்றமும், அருகிலேயே புனித ஜார்ஜ் ஆலயமும். சீர்திருத்தத்தை ஏற்ற இளவரசர்களும் நகரங்களும் 1531-இல் அமைத்த தற்காப்புக் கூட்டணிக்கு இந்தச் சின்ன ஊரின் பெயர்தான்.

போப் மூன்றாம் பவுல் 1536 ஜூனில் திருச்சபை முழுவதற்குமான ஒரு பொதுச்சங்கத்துக்கு அழைப்பு விடுத்தார். இடம், இத்தாலியில் மான்டுவா. கூடும் நாள், 1537 மே 23. பொதுச்சங்கம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர்களே இந்த இளவரசர்கள்தான். ஆனால் அவர்கள் கேட்டது ஜெர்மன் மண்ணில், போப்பின் பிடிக்கு வெளியே நடக்கும் சுதந்திரமான சங்கம். வந்த அழைப்போ, திருச்சபையிலிருந்து தவறான போதனைகளை வேரறுக்கவே சங்கம் கூடுவதாகச் சொன்னது. யாருடைய போதனை என்று அவர்களுக்குத் தெரியாதா? வழக்கில் எதிர்த்தரப்பாக இருப்பவரே நீதிபதியாகவும் உட்காரும் சபைக்குப் போய் நின்றால், தீர்ப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மாதிரிதான். பாதுகாப்பு உறுதி பெற்று கான்ஸ்டன்ஸ் சங்கத்துக்குப் போன செக் சீர்திருத்தப் போதகர் யான் ஹூஸை 1415-இல் எரித்ததையும் அவர்கள் மறக்கவில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது லுத்தரின் நிலைதான். எடுத்த எடுப்பிலேயே அழைப்பைத் தள்ளிவிட வேண்டாம், மறுத்துவிட்டால் சங்கம் நடக்காமல் போனதற்கு நம்மேல் பழி விழும் என்பதே அவரும் விட்டன்பர்க் பல்கலைக்கழக அறிஞர்களும் சொன்ன யோசனை. சங்கத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதில் அசையக்கூடாது என்று, சாக்சனி இளவரசர் யோகான் ஃபிரெட்ரிக் கேட்டபடி, லுத்தர் எழுதிக் கொண்டுவந்ததே அந்த விசுவாச அறிக்கை. போகலாம் என்றவர் போதகர். முடியாது என்றவர்கள் இளவரசர்கள். நான் தலைகீழாகவே நினைத்திருந்தேன்.

நகர மன்றத்தின் எதிரே வெகுநேரம் நின்றேன். போப்பின் தூதர் பீட்டர் வான் டெர் வோர்ஸ்ட், பனிக்காலப் பாதையில் இந்த ஊர்வரை கடிதங்களைச் சுமந்து வந்தார். பிப்ரவரி 25 அன்று யோகான் ஃபிரெட்ரிக் அவரைச் சந்தித்தார். கடிதங்களைத் தொடாமல் மேசையிலேயே விட்டுவிட்டு, சிரித்தபடி எழுந்து போய்விட்டார். அவை பிரிக்கப்படாமலே திரும்பின. கூட்டணியின் இன்னொரு தலைவரான ஹெஸ்ஸே இளவரசர் ஃபிலிப் தூதரைப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

மறுப்பில் எனக்குக் குறை இல்லை. அந்த நிபந்தனையில் நானும் போயிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. அவ்வளவு தூரம் வந்தவரின் கடிதத்தைப் படித்துவிட்டு முடியாது என்று சொல்லியிருக்கலாமே.

மான்டுவாவில் சங்கம் கூடவே இல்லை. கடைசியில் 1545 டிசம்பரில் திரெந்து நகரில் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் போரில் கூட்டணியை உடைத்தார். அன்று சிரித்த இளவரசர் 1547-இல் மியூல்பர்க்கில் சிறைப்பட்டார். 1561-இல் நவும்பர்க்கில் கூடியிருந்த லுத்தரன் இளவரசர்களிடம் போப்பின் தூதர்கள் மறுபடி கடிதங்கள் கொண்டுவந்தார்கள். 'அன்பு மகனுக்கு' என்று முகவரி இட்டிருந்ததால், போப் எங்களுக்குத் தகப்பன் அல்ல என்று அவற்றையும் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம் லுத்தர் தங்கிய வீட்டுக்குப் போனேன். ஊரில் இத்தனையும் நடந்தபோது அவர் சிறுநீரகக் கல்லால் படுக்கையில் துடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கும் மேலாகச் சிறுநீர் இறங்கவில்லை. செத்தாலும் ஊர்ப்பக்கம் போய்ச் சாகிறேன் என்று பிப்ரவரி 26 அன்று வண்டியில் ஏறினார். சுற்றி நின்றவர்களை ஆசீர்வதித்தபோது, போப்பின்மேல் வெறுப்பையும் தேவன் உங்களுக்குள் நிரப்பட்டும் என்றாராம். சங்கத்துக்குப் போகலாம் என்று எழுதிய அதே மனிதர். அவரை நேசிக்கிற எனக்கு அந்த வாசலில் நிற்கக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மலைக்கு அந்தப்புறம் தம்பாக் போனேன். லுத்தரின் வண்டியும் அந்த மலையைத்தான் குலுங்கிக் குலுங்கிக் கடந்தது. அன்றிரவு தம்பாக்கில் அடைப்பு நீங்கியது. உடனே மனைவி கத்தரீனாவுக்குக் கடிதம் எழுதினார். தம்பாக்தான் எனக்குப் பெனியேல் என்றும் சொன்னாராம். வேதாகமத்தில் யாக்கோபு இரவெல்லாம் போராடி, உயிர்தப்பி, நொண்டிக்கொண்டே கிளம்பிய இடம் அது. ஊருக்கு வெளியே காட்டில் அவர் பெயரில் ஓர் ஊற்று இருக்கிறது. கையுறையைக் கழற்றி ஒரு கை அள்ளிக் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி.