கதவுக்கு முன்னாடி நின்ன ராத்திரி

நாலு வருஷமா மானிட்டர்ல ஆடிப் பழகின ஒரு கேமுக்குள்ள நேத்து ராத்திரி நின்னுட்டு வந்தேன். தலையில மாட்டற விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டுக்காக எழுதாத சாதாரண பிசி கேம்தான். கேம் உருவாக்கற மென்பொருளான அன்ரியல் என்ஜின் 4, 5ல உருவான கேம்களை விஆருக்கு மாத்துற யுஇவிஆர்ங்கற மென்பொருள் 2024ல வெளிவந்தது, இலவசம். அந்த என்ஜினுக்குள்ள ஏற்கனவே இருக்கற இரட்டைக் கண் வசதியைத்தான் அது தட்டி எழுப்புது.

இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணுன்னு படத்தைத் தனித்தனியா வரையறதால ஆழம் அசலா இருக்கு. இதே மாதிரி கேமை விஆருக்கு மாத்துற வோர்ப்எக்ஸ்ங்கற இன்னொரு மென்பொருள்ல வர்ற இசட் பஃபர் முறை வேற. ஒரே படத்தை ஆழத் தகவலை வச்சு ரெண்டாக்கும். வேகம் கிடைக்கும், ஆனா பொருள்களோட ஓரம் இழுபடும். எனக்கு அது ஒத்துவரல.

ஒரு கதவு. மானிட்டர்ல கட்டைவிரல் அளவுதான். உள்ளே நின்னு நிமிர்ந்து பார்த்தா ரெண்டு ஆள் உயரம்! வரைஞ்சவங்க மரத்தோட வெடிப்பைக்கூட விடல. இத்தனை நாளா அதைத் தாண்டி ஓடிட்டே இருந்திருக்கேன்.

விநாடிக்கு 90 பிரேம், அதாவது 90 படம்னா ஒவ்வொண்ணையும் வரைய 11 மில்லிவிநாடிதான், கிராபிக்ஸைக் குறைச்சுதான் ஆகணும். முதல்ல உட்கார்ந்தே ஆடுங்க. தலை சுத்தினா உடனே ஹெட்செட்டைக் கழட்டிடுங்க. ஆன்லைன் மல்டிபிளேயர்ல மட்டும் வேண்டாம், ஏமாத்துறதைத் தடுக்கற மென்பொருள் உங்க கணக்கை முடக்கிடலாம்.