திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்

எங்கள் அப்பாவுக்குப் பிறந்த நாள் இரண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாக எழுதிப்போட்டது ஒன்று, அப்பத்தா மனதில் வைத்திருந்தது இன்னொன்று. முதல் தேதிப்படி 2025 மே மாதமே பணி ஓய்வு வந்துவிட்டது. 31 வருடம் பஸ் கண்டக்டராக நின்றுகொண்டே சம்பாதித்தவர் ஒருவழியாக வீட்டில் உட்கார்ந்தார். அப்பத்தாவின் கணக்கோ விசுவாவசு வருடம், ஆவணி மாதம், அனுஷ நட்சத்திரம். அப்பா பிறந்த 1965-இல் நடந்த அதே விசுவாவசு, அறுபது தமிழ் வருடங்களும் ஒரு சுற்று முடிந்து, 2025 சித்திரையில் மறுபடி வந்தது. ஆவணி அனுஷம் ஆகஸ்ட் 31 அன்று என்று ஜோசியர் குறித்துக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமையா? அப்ப யாரும் லீவு போட வேணாம்" என்றார் அப்பா. அவருக்கு அதுதான் முதல் கவலை. தீபாவளியும் பொங்கலும் அவருக்கு எப்போதும் கூட்டம் ஏறுகிற நாட்களாகத்தான் இருந்தன. நாங்கள் பலகாரம் தின்று முடித்த பிறகு, ராத்திரி கடைசி டிரிப் முடிந்து வருவார்.

உசிலம்பட்டியிலேயே ஒரு மண்டபம் பிடித்துச் செய்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா ஒரே பிடியாக நின்றார், திருக்கடையூர்தான் என்று. ஆறு வருடத்துக்கு முன்னால் தங்கச்சி சி.ஏ. படிக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது வேண்டிக்கொண்டாராம்: இவள் தேறட்டும், அவருடைய அறுபதை அபிராமி சன்னதியில் வைத்துக்கொள்கிறேன் என்று. அந்த வேண்டுதல் எங்களுக்கே அந்த வருட ஆனியில்தான் தெரியும். அதுவரை தங்கச்சி தேறியிருக்கவில்லை, அம்மாவும் வாய் திறக்கவில்லை.

சி.ஏ. இறுதித் தேர்வு எப்படிப்பட்டது என்பது வீட்டில் ஒருவர் எழுதினால்தான் புரியும். ஒவ்வொரு தாளிலும் 40 வாங்கினால் மட்டும் போதாது, குரூப் மொத்தத்தில் 50 சதவீதமும் வர வேண்டும். ஒரு தடவை எல்லாத் தாளிலும் நாற்பதைத் தாண்டிவிட்டாள், மொத்தத்தில் சில மார்க்கில் போய்விட்டது. நான்கு தடவை அப்படியும் இப்படியுமாக நழுவியது. கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்கும் வரமாட்டாள். வந்தால் "என்ன ஆச்சு, முடிச்சிட்டியா?" என்ற கேள்வி வரும். ஜூலை 6, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ரிசல்ட் வந்தது. போனில் அவள் அழுத அழுகையில் முதலில் ஐந்தாவது தடவையும் போய்விட்டது என்றே நினைத்தேன். நைட் டூட்டி முடித்துப் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்து, "பரவாயில்லடி" என்று ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, பாஸுக்கா" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் இருபத்திரண்டு பேர் ஒரு வேனில் கிளம்பினோம். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை. எங்கள் பக்கத்துக் கண்ணுக்குத் தஞ்சாவூர் தாண்டியதும் அந்தப் பச்சையே ஒரு தரிசனம்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓட ஓட, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு பாலத்திலும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். மாலை திருக்கடையூர் போய்ச் சேர்ந்து, சன்னதித் தெருவில் ஒரு விடுதியில் மூன்று அறை எடுத்தோம்.

அன்று ராத்திரி நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். தங்கச்சியிடம் கேட்டேன், எழுது என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவின் ஐந்து பவுன் தாலிச்செயின் 2019-இலிருந்து அடகில் இருந்தது. தங்கச்சியின் பயிற்சி வகுப்புக் கட்டணம், விடுதி அட்வான்ஸ் இரண்டுக்குமாக வைத்தது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம், "செயின் போட்டாக் கழுத்து அரிக்குது, வேர்க்குரு மாதிரி வருது" என்பார். நான் நர்ஸ் ஆயிற்றே, ஒரு களிம்பு வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கடிந்ததுகூட உண்டு. உண்மை அப்பா, நான், தம்பி மூவருக்கு மட்டும் தெரியும். தங்கச்சிக்குத் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தெரிந்தால் பரீட்சை ஹாலில் பேனா ஓடாது என்பார்.

அப்பாவின் ஓய்வுப் பணத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் அம்மா சொன்னார். தம்பியும் நானும் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தித் திருப்பூருக்குப் போனவன் அவன், இப்போது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததைக் கொண்டுவந்தான். நான் ஒரு சீட்டுப் பணத்தை எடுத்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் செயின் வீட்டுக்கு வந்துவிட்டது. நகைப் பெட்டிக்கு அடியில் வட்டி கட்டிய ரசீதுகளைக் குண்டூசி குத்தி வைத்திருந்ததைத்தான் யாரும் எடுத்துப்போடவில்லை.

விடுதியில் மறுநாளைக்குத் தாம்பாளத்தில் எல்லாம் எடுத்து வைக்கும்போது தங்கச்சி பெட்டியைத் திறந்தாள். கணக்கு படித்தவளுக்கு ஒரு கட்டு ரசீது போதாதா? தேதி தேதியாகப் புரட்டினாள். முதல் தேதி, அவள் சென்னைக்கு பஸ் ஏறிய வாரம். கடைசி ரசீதுக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, கழுத்து அரிக்குதுன்னு அம்மா சொன்னது..."

எனக்குப் பதில் வரவில்லை.

"நாலு தடவை ஃபெயிலானேன்க்கா. நாலு தடவையும், 'அதுக்கென்ன தாயி, அடுத்த தடவை எழுது'ன்னுதான் சொன்னாங்க."

எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அம்மா தூங்கியிருந்தார். அவர் பக்கத்தில் பாயில் ஒண்டிப் படுத்துக்கொண்டாள்.

காலை நான்கரைக்கெல்லாம் தெரு முழுக்க மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள். அறுபதுக்காரர்கள், எழுபதில் பீமரத சாந்திக்கு வந்தவர்கள், எண்பதில் சதாபிஷேகத்துக்கு வந்தவர்கள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. வருடத்தில் எந்த நாள் போனாலும் இங்கே கல்யாண நாள்தான். கஜபூஜை, கோபூஜை முடிந்து மேற்குப் பார்த்த கோபுர வாசல் வழியாக உள்ளே போனோம். சுவாமி அமிர்தகடேஸ்வரர் மேற்கு நோக்கி இருக்கிறார், அன்னை அபிராமி கிழக்கு நோக்கித் தனிச் சன்னதியில். பாற்கடலில் எடுத்த அமுதக் குடத்தைப் பிள்ளையார் ஒளித்து வைத்த தலம். அந்தக் கள்ள வாரணப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் எல்லாம் தொடங்குகிறது. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில் இது. சிவன் வீரம் காட்டிய எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று, தேவாரம் பாடிய மூவருமே வந்து பாடிய ஊர்.

மண்டபத்தில் பதினாறு கலசம் வைத்து ஹோமம். ஏன் அறுபது என்று தம்பி சிவாச்சாரியாரிடம் கேட்டான். குரு வான மண்டலத்தை ஒரு சுற்று வர ஏறக்குறைய பன்னிரண்டு வருடம், சனிக்கு முப்பது. பிறந்தபோது இரண்டும் நின்ற இடத்துக்கே ஒன்றாகத் திரும்பி வர அறுபது ஆகிறது, அதனால் இதை மறு பிறப்பாகக் கொள்வது வழக்கம் என்றார். பஸ் கால அட்டவணையைக் கேட்பதுபோல அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சிவாச்சாரியார் அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் கயிறுதானாம்மா, செயின் இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அம்மா அரிப்புக் கதையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டு, "என் படிப்புக்கு அடகு வெச்சிருந்தாங்க சாமி" என்றாள். இருபத்திரண்டு பேரும் கேட்க, சத்தமாக. அம்மா என்னைப் பார்த்தார். நான் ஹோமப் புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சிவாச்சாரியார் ஒரு நிமிடம் நெய் விடுவதை நிறுத்தினார். "குங்கிலியக் கலயர் தெரியுமோ? இந்த ஊர்க்காரர்தான்" என்று ஆரம்பித்தார். திருக்கடவூர் சுவாமிக்குத் தினமும் குங்கிலியத் தூபம் போட்டவர் அந்த நாயனார். வறுமை வந்து வீட்டில் பிள்ளைகள் பசியில் துவண்டபோது, மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்னார். வழியில் குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகர் வந்தார். தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார் கலயர். அன்று இரவு இறைவன் அந்த வீட்டை நெல்லும் பொன்னுமாக நிறைத்தான் என்கிறது புராணம்.

எத்தனையோ வருடம் நாயன்மார் கதை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கலயரின் பக்திதான் மனதில் நிற்கும். அன்றைக்கு அந்த அம்மாள்தான் நின்றார். பெயர்கூடச் சொல்லப்படாத அந்த மனைவி, பிள்ளைகள் பசித்திருக்க, வெறுங்கழுத்தோடு வாசலைப் பார்த்துக் காத்திருந்த அந்தச் சாயங்காலம். அடியார் என்று கும்பிட வேண்டியது அவரையும்தான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கலச நீரை அப்பா அம்மா தலையில் ஊற்ற முதலில் தம்பியைக் கூப்பிட்டார்கள். ஊற்றும்போது அவன் கை நடுங்கியது. அப்பா நிமிர்ந்து, "ஊத்துடா, ஒன் கையால படணும்" என்றார். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனதில் அப்பாவுக்குத் தன்மேல் வருத்தம் என்று அவன் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம். வேனில் திரும்பும்போது சொன்னான். அடுத்து நான், தங்கச்சி, மாமா, சித்தப்பா, பேரப்பிள்ளைகள். ஈரம் சொட்டச் சொட்ட இருவரும் எழுந்தபோது அவர்கள் எங்களுக்குப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோமம் முடிய இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களை விரதம் என்று பட்டினி போடாதீர்கள், சிவாச்சாரியாரிடம் சொன்னால் ஏதாவது சாப்பிடச் சொல்லுவார். அபிஷேகம் ஆனதும் தரை வழுக்கும். வயதானவர்களின் இரண்டு பக்கமும் ஆள் நிற்கட்டும்.

பிறந்த வீட்டுச் சீராக மாமா கொண்டுவந்த பட்டைக் கட்டி அம்மா வந்து உட்கார்ந்தார். புதுத் தாலியில் முதல் முடிச்சு அப்பா போட, மற்ற இரண்டு முடிச்சை அத்தை போட்டார். அப்புறம் செயின். அதை யார் போடுவது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. தங்கச்சியே எடுத்து அம்மா கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டுக் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

காலசம்ஹார மூர்த்தி சன்னதியில் நெடுநேரம் நின்றேன். பதினாறு வயது மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழ, சுவாமி வெளிப்பட்டு எமனை உதைத்த கோலம். தீபாராதனையில் திருவடிக்குக் கீழே எமனைக் காட்டினார்கள். என் வேலையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கயிற்றைப் பார்க்கிறேன். வார்டில் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவைக் காப்பாத்திருங்க சிஸ்டர்" என்பவர்களுக்குச் சொல்லப் பதில் இருக்காது. அதனால் நூறு வயது கொடு என்றெல்லாம் எனக்குக் கேட்க வரவில்லை. இந்த இரண்டு பேரும் இதேபோல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நாளை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடு என்று மட்டும் கேட்டேன்.

அபிராமி சன்னதியில் அர்ச்சனைத் தட்டோடு தங்கச்சியின் மார்க் ஷீட்டையும் அப்பா வைத்தார். கூடவே சட்டைப் பையிலிருந்து தன் பழைய விசிலை எடுத்து வைத்தார். அவர் அதைக் கொண்டுவந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. தை அமாவாசையில் நிலவைக் காட்டித் தன் அடியார் அபிராமி பட்டரின் சொல்லைக் காத்தவள் அம்பாள். இருட்டில் நின்றுகொண்டு வெளிச்சம் வரும் என்று சொன்ன ஒருவருக்கு அவள் செவிசாய்த்த இடத்தில், நாலு தடவை "அடுத்த தடவை எழுது" என்று சொன்ன எங்கள் அம்மா கைகூப்பி நின்றார்.

சாப்பிட்டுவிட்டுத் தரங்கம்பாடி போய்க் கடலில் கால் நனைத்தோம். கிளம்புமுன் தங்கச்சி சன்னதித் தெருவில் ஒரு பொட்டலம் குங்கிலியம் வாங்கிக்கொண்டாள்.

ஊருக்கு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தூபக்காலில் கங்கு போட்டுக் குங்கிலியம் தூவினார். வாசனை தெருவரைக்கும் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தவர், அம்மாவின் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன மதினி, செயினப் போட்ருக்கீக? அரிக்கலையா?"

அம்மா தூபத்தைச் சாமி படத்துக்குக் காட்டிக்கொண்டே, "இல்ல தாயி. இப்ப அரிக்கல" என்றார்.