கம்பத்துக்குக் கம்பம் ஒரு கேள்வி

10 ஜூன் 2024, திங்கள்

பள்ளிகள் இன்று திறந்தன. மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். காலையில் சட்னிக்காக என் மனைவி தேங்காயைக் கையில் எடுத்தபோது, ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்த மகள், தேங்காய்க்கு ஏன் மூன்று கண் என்று கேட்டாள். பள்ளி வேன் வருவதற்குப் பன்னிரண்டு நிமிடங்கள்தான் இருந்தன. சிவபெருமானுக்கும் மூன்று கண்தானே என்றார் என் அம்மா. முதலில் அடுத்த ஷூவை மாட்டு என்றாள் மனைவி. எனக்கு விடை தெரியும். தென்னையின் பெண்பூவில் சூலகம் மூன்று பகுதிகளால் ஆனது. அவற்றில் ஒன்றுதான் பருப்பாகத் தேறுகிறது, மற்ற இரண்டும் வளராமல் நின்றுவிடுகின்றன. ஓட்டில் இருக்கும் மூன்று கண்களும் அந்த மூன்றின் தடயங்கள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா உள்ளே போய், சாக்கு தைக்கும் கோணூசியை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். "மூணையும் குத்திப் பாரு பாப்பா." இரண்டு கண்கள் கல்லாக இருந்தன, மூன்றாவதில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது, நுனியில் தேங்காய்த் தண்ணீர் துளிர்த்தது. அவள் வாய் பிளந்து நின்றாள். வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே, குருத்து அந்த மெத்தென்ற கண் வழியாகத்தான் வரவேண்டும், மற்ற இரண்டு வழியாக வர முடியாது என்று அறிவித்தாள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழகியது.

14 ஜூன், வெள்ளி

அப்பாவுக்கு இப்போது 78 வயது. லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஏழு வயதானதிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், விடிவதற்கு முன்பே என்னைச் சைக்கிளின் முன்பாரில் துண்டு விரித்து உட்காரவைத்து, வாய்க்கால் கரைச் சாலையில் கூட்டிக்கொண்டு போவார். ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது ஒரு கேள்வி கேட்பார். அடுத்த கம்பம் வருவதற்குள் நான் விடை சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னால் பாராட்டு கிடையாது, பெடல் தொடர்ந்து சுற்றும். தவறாகச் சொன்னால் திட்டும் கிடையாது. சைக்கிள் நின்றுவிடும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, நான் சரியான விடைக்கு வந்து சேரும்வரை அவர் நின்றுகொண்டிருப்பார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஓசையும், பின்னாலிருந்து என் காதருகே வரும் அவருடைய மூச்சும் மட்டும் கேட்கும். என்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் அதை மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்றும் சிக்னலில் வண்டி நின்றால், ஏதோ ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கணம் அடிவயிறு கலங்குகிறது. 47 வயதில் இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். சிரித்துவிட்டு, பச்சை விழுந்துவிட்டது போங்கள் என்றாள்.

16 ஜூன், ஞாயிறு

நூலகத்திலிருந்து ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாற்றை எடுத்துவந்திருக்கிறேன். 1806இல் லண்டனில் பிறந்த இவருக்குத் தந்தை ஜேம்ஸ் மில்தான் பள்ளிக்கூடம். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். காலையில் தந்தையும் மகனும் நடந்துபோவார்கள். முதல் நாள் படித்ததைத் துண்டுக் காகிதங்களில் குறித்துவைத்திருக்கும் பையன், நடந்துகொண்டே அதைத் தந்தைக்கு ஒப்பிக்க வேண்டும். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். சைக்கிள் ஒன்றுதான் குறை.

திரும்பி வந்து படித்ததில் என்னை அசைத்தது வேறொரு காட்சி. அக்காலத்தில் கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதி இல்லை. இருந்தவை லத்தீனில் பொருள் சொன்னவை, பையனுக்கோ இன்னும் லத்தீன் தெரியாது. ஆகவே தந்தை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் உட்கார்ந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவரையே கேட்டான். தந்தை அப்போது எழுதிக்கொண்டிருந்தது வேறு எதையும் அல்ல, நம்முடைய வரலாற்றை: இந்தியாவில் கால் வைக்காமல், இங்குள்ள ஒரு மொழியும் அறியாமல், அதையே ஒரு தகுதியாக முன்னுரையில் சொல்லிக்கொண்டு, பல ஆண்டுகள் எழுதி 1817இல் முடித்த பிரிட்டிஷ் இந்திய வரலாறு. அந்த நூலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும், பொறுமை என்பதே அறியாத அந்த மனிதர், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு சிறுவன் குறுக்கிட்டுக் கேட்பதைச் சகித்துக்கொண்டு பேனாவை நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்லியிருக்கிறார் என்பதை மகனே பதிவு செய்திருக்கும்போது, அவரை முழுதாக வெறுக்க முடியவில்லை.

யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய எதையும், தானே முயன்று சலிக்கும்வரை தந்தை சொல்லித்தந்ததில்லை என்கிறார் மில். கோணூசி நினைவுக்கு வந்தது.

19 ஜூன், புதன்

பெருங்காயம் வாங்கப் போனேன். கட்டிப் பெருங்காயம் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்கப்போக, பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது, அதை அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்குக் காரமானது, ஆகவே கோதுமை மாவும் வேலம் பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக்குகிறார்கள் என்று பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. சாம்பார் ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தது. இதை அறிவுத் தாகம் என்று என் அம்மா நாசூக்காகச் சொல்வார். மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை.

23 ஜூன், ஞாயிறு

அப்பா பழைய எண்சுவடியை எடுத்துவைத்துக்கொண்டு மகளுக்குக் கீழ்வாய் இலக்கம், அதாவது பின்னங்கள், சொல்லிக்கொடுத்தார். கால், அரை, முக்கால் வரை அவளுக்குத் தெரியும். ஒன்றை இருபதாகப் பங்கிட்டால் ஒரு மா. மாவை நான்காகப் பங்கிட்டால் காணி. காணியை நான்காகப் பங்கிட்டால் முந்திரி. முந்திரி என்ற பெயரைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. ஒரு பாயசத்தில் எத்தனை முந்திரி என்று கேட்டாள். 1-ஐ 320 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்குக் கிடைப்பது ஒரு முந்திரி என்றார் அப்பா. பிறகு, பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்று பெயர், ஏன் அப்படி என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. என்னிடமும் இதே கேள்வியை, வாய்க்கால் மதகுக்கு முந்தைய கம்பத்தில் அவர் கேட்டிருக்கிறார். அன்று சைக்கிள் நின்ற இடத்தில் கிழக்கு வெளுக்கும்வரை நின்றோம்.

மகள் தரையில் குப்புறப் படுத்துப் பென்சிலால் கட்டம் போட்டாள், அழித்தாள், நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், பூனையைத் துரத்தினாள், திரும்ப வந்து படுத்தாள். இருபது நிமிடம் இருக்கும். திடீரென்று, மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி என்று கத்தினாள். இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறதே தாத்தா, என்னிடம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். அவர் குத்தை வாங்கிக்கொண்டார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, செய்தித்தாள் மறைத்திருந்தது. என்னால் அந்த முதுகில் கை வைக்க முடிந்திருக்குமா என்று இரவு வரை யோசித்தேன்.

27 ஜூன், வியாழன்

பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) கணக்கிட்டுச் சான்றிதழ் தருவார்களாம், கட்டணம் தனி. நான் கையெழுத்திடவில்லை. 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும் இத்தகைய சோதனையை வகுத்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்காக. பிள்ளையின் நெற்றியில் ஒரு எண்ணை ஒட்டுவதற்காக அல்ல. அது கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போன பிறகு, உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் மேதைச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினார். அந்தத் தேர்வில் மதிப்பெண் போதாமல் கழிக்கப்பட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் இருந்தார்கள். இருவரும் முறையே 1956இலும் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவரும் அந்தப் பரிசைப் பெறவில்லை. மேலும் எழுதினால் கோபம் வரும்.

2 ஜூலை, செவ்வாய்

தணிக்கை வேலையாகக் கும்பகோணம் போனவன், மதிய உணவு நேரத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவந்தேன். சிறிய ஓட்டு வீடு. திண்ணையில் நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். காகிதம் வாங்க வசதி இல்லாததால் பலகையில் கணக்குப் போட்டு, எழுதியதை முழங்கையாலேயே அழித்து மேலே எழுதிக்கொண்டு போனவர். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று வகுப்பில் கேட்டவர். தந்தை ஒரு ஜவுளிக் கடைக் கணக்கர். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களின் கணிதப் புத்தகங்களைத் தீர்த்துவிட்டு, பதினாறு வயதுவாக்கில் கார் என்பவர் தொகுத்த, ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளைப் போதிய நிரூபணம் தராமல் அடுக்கிச் சொல்லும் ஒரு நூல் கையில் கிடைக்க, அந்த நிரூபணங்களைத் தாமே தேடப் புறப்பட்டுவிட்டார். விளைவு, உள்ளூர்க் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகை போயிற்று. சென்னையில் உடலியங்கியல் பாடம் அவரை வீழ்த்தியது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா.

மில்லுக்கு மேசையின் எதிரில் ஒரு தந்தை இருந்தார். இவருக்கு எதிரில் ஒரு தெரு இருந்தது. இரண்டில் எது பாக்கியம் என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எடைபோட்டுப் பார்த்தேன், தராசு நிலைக்கவில்லை. இராமானுஜன் பட்ட பாட்டைக் கவிதையாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்கெனவே கண்டறியப்பட்டவற்றைத் தனியே மீண்டும் கண்டறிவதில் அந்த இளமையின் எவ்வளவு காலம் போயிற்று என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

6 ஜூலை, சனி

மில்லின் புத்தகத்தில் நான் ஒத்திப்போட்டுவந்த அத்தியாயத்தை இன்று படித்தேன். 1826 இலையுதிர் காலம், அவருக்கு வயது 20. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை, கையில் சீர்திருத்த இலட்சியங்கள். உன் இலட்சியங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் நீ மகிழ்வாயா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். இல்லை என்ற பதில் உள்ளிருந்து தெளிவாக வருகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் எதிலும் ருசி இல்லை. பகுத்து ஆராயும் பழக்கம் உணர்ச்சியின் வேரை அரித்துவிட்டது என்று அவர் காரணம் சொல்கிறார். ஒருநாள் மார்மோன்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகளில், தந்தை இறந்ததும் சிறுவன் குடும்பத்துக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று உறுதி கொள்ளும் இடத்தைப் படித்தபோது கண்ணீர் வருகிறது; பாரம் இறங்கத் தொடங்குகிறது. ஒரு தகப்பன் சாவதைப் படித்துத்தான் அழுகை வந்தது என்பதை அவர் வெகு இயல்பாக எழுதிச் செல்கிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

எனக்கு அது 1998இல் வந்தது. தேர்வுகள் எல்லாம் முடிந்து, திருச்சியில் வேலையும் கிடைத்து, அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, கம்பங்கள் முடிந்துபோன சாலையில் விடப்பட்டதுபோல் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது எதையும் அறியவேண்டும் என்ற ஆசையே எழவில்லை. அறைக்குக் கீழே ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. மாலை நேரங்களில் போக்கிடம் இல்லாமல் அங்கே போய் நிற்பேன். அந்தப் பெரியவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, பின்மூடியைத் திறந்த எச்.எம்.டி. கடிகாரம் ஒன்றை ஒருநாள் என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே மயிரிழைச் சுருள்வில் விரிந்தும் சுருங்கியும் மூச்சுவிட, பித்தளை வளையம் ஒன்று இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. நொடிக்கு 5, மணிக்கு 18,000. எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னார். புரியாமல் திரும்பக் கேட்டேன், திரும்பச் சொன்னார். மூன்று மாதங்கள் தினமும் அங்கே இருந்தேன். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்பதைத் தவிர.

14 ஜூலை, ஞாயிறு

மாலையில் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். நான் பால் வாங்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். தெருமுனைப் புங்கமரத்தில் காகங்கள் அடைந்துகொண்டிருந்தன. தூங்கும்போது காகம் ஏன் கிளையிலிருந்து விழுவதில்லை என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா பதில் சொல்லாமல் இரண்டு அடி வைத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து, மின்கம்பத்தின் அருகிலேயே நின்றுகொண்டாள். பதில் சொன்னால்தான் வருவாளாம். நான் அவளை அதட்ட வாயெடுத்தேன்.

"தெரியலையே பாப்பா," என்றார் அப்பா.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை இதற்கு முன் நான் கேட்டதில்லை. அவள், அப்படியென்றால் பார்ப்போம் என்றாள். மூட்டுவலியோடு அவர் கம்பத்தில் ஒரு கையை ஊன்றி அண்ணாந்தார், அவளும் அண்ணாந்தாள். பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வெளிச்சம் மங்க மங்கக் காகங்களின் கால்கள்தான் முதலில் தெரியாமல் போயின.