மண்டகப்படிக்கு மண்டகப்படி

வைகைத் தண்ணீர் கடலைப் பார்ப்பது அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் அநேகமாக முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஆற்றின் கரையில் 31 வருடம் புவியியல் டீச்சராக இருந்தவள் நான். பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் நீலச் சாக்பீஸ் தேயத் தேய வரைந்திருக்கிறேன். நேரில் பார்த்தது ராமேஸ்வரம் கடலும், பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே பார்த்த கன்னியாகுமரிக் கடலும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டுக்காரரும் மதுரை சொக்கிகுளம் வீட்டை விற்றுவிட்டு, கப்பல் மாற்றிக் கப்பல் என்று வருடம் முழுக்கக் கடலிலேயே இருக்கக் கிளம்பினோம். ஏன், எதற்கு என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதை விடுங்கள். போன இடத்தில் எனக்கு மறுபடி ஒரு வேலை அமைந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெரிய சுற்றுலாக் கப்பல்களில், துறைமுகம் வராத நாட்கள் என்று இருக்கும். சில வழித்தடங்களில் நாலைந்து நாள் தொடர்ந்து தண்ணீர்தான். அந்த நாட்களில் பயணிகளுக்குப் பொழுது போக வேண்டுமே. அதற்காக நட்சத்திரம், பறவை, சரித்திரம் என்று ஏதாவது ஒன்று தெரிந்தவர்களைப் பேச அழைத்துவருவார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. இரண்டு பேருக்கு ஓர் அறை, சாப்பாடு, அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்தது பல தடவை ஜன்னல் இல்லாத உள் அறை. விமானச் செலவு நம்முடையது. என் வீட்டுக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சோத்துக்கு வேலை'. மற்ற பயணங்களுக்கு முழுக் கட்டணம் கட்டுகிறோம் என்பதால், இந்தச் சோறு எங்கள் கணக்கில் பெரிய சோறு. என் தலைப்பு: வருடம் முழுக்கக் கப்பலில் குடியிருப்பது எப்படி.

முதல் பேச்சு வடக்கு அட்லாண்டிக்கில். மறுநாள் நிகழ்ச்சி நிரல் முந்தின ராத்திரியே தாளாக அறைக்கு வந்துவிடும். என் பெயர் பிங்கோ விளையாட்டுக்கும் சமையல் செய்முறைக்கும் நடுவில் இருந்தது. காலை பத்து மணி. மேடை மெதுவாக இடப்பக்கம் சாய்கிறது, கொஞ்சம் யோசிக்கிறது, அப்புறம் வலப்பக்கம். இடது கையால் பேச்சு மேசையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் தொங்கிய திரைச்சீலை ஆடுவதாக நினைத்து, யாராவது நிறுத்தக் கூடாதா என்று எரிச்சல் வந்தது. திரை நேராகத்தான் தொங்குகிறது, ஆடுவது நாம்தான் என்று புரிய நாலைந்து நிமிடம் ஆனது. புவியியல் டீச்சர்!

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையில் சாக்பீஸ் இருந்திருந்தால் பழக்கதோஷத்தில் எறிந்திருப்பேன். முடிந்ததும் அவர்தான் முதலில் வந்து கை குலுக்கினார். பிரமாதம் என்றார். பேச்சைப் பதிவு செய்து அறை டிவியில் திரும்பப் போடுவார்களாம், மீதியை அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்று நான் 70 படங்கள் கொண்டுபோயிருந்தேன். துறைமுகங்கள், தட்பவெப்பம், பண மதிப்பு. கேள்வி நேரத்தில் வந்ததோ துணி எங்கே துவைக்கிறீர்கள், மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வீர்கள், இருவரும் ஒரே அறையில் சண்டை போடாமல் எப்படி இருக்கிறீர்கள் என்பவை. கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரர் பின்வரிசையிலிருந்து, "யார் சொன்னது சண்டை போடவில்லை என்று?" என்றார். என் 45 நிமிடத்தில் வராத சிரிப்பு அதற்கு வந்தது. ராத்திரி அறைக்கு வந்து யோசித்தேன். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மேடையில் எவ்வளவு பெரிய விஷயமும் மாமியார், ரேஷன் கடை, கரண்ட் பில் என்று ஆரம்பித்துத்தான் மேலே போகும். தெரிந்திருந்தும் இங்கிலீஷில் பேசுகிறோம் என்ற பயத்தில் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த கப்பலில் படங்களைப் பதினெட்டாகக் குறைத்தேன். மேடைக்கு என் பெட்டியையே தூக்கிப்போய்த் திறந்து காட்டினேன். நாலு புடவை, ஆறு சுடிதார், சுக்குப்பொடி டப்பா, துணி காயப்போட நைலான் கயிறு, விசா காகிதம் வைத்த தடி ஃபைல் ஒன்று. ஃபைலை எடுத்ததும் கூட்டம் நிமிர்ந்தது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் முழுநேரப் பயணிகள் பேசும்போது விசா என்ற சொல்லே பெரிதாக வராது. நம் பாஸ்போர்ட்டுக்கு அது தனி அத்தியாயம். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு எத்தனை வங்கிக் கணக்குத் தாள், எத்தனை முன்பதிவு என்று காட்டினேன். விண்ணப்பிக்க அநேகமாகச் சொந்த நாட்டுக்கே வர வேண்டும் என்றதும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் "பாவம்" என்ற மாதிரி உச்சுக்கொட்டினார். அவர் நினைத்த அளவுக்கு எனக்கு அது துக்கமாகப்படவில்லை.

பேசியதில் எனக்கே பிடித்தது நேரம் பற்றிய பகுதி. 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை வருடம் எழுதிப்போட்டிருப்பேன்! கப்பலில் அது உடம்பில் ஏறியது. மேற்கே போகும்போது சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பச் சொல்வார்கள், அன்றைக்கு 25 மணி நேரம். கிழக்கே போனால் தூக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். மகெல்லன் 1519இல் ஐந்து கப்பல்களோடு புறப்பட்டு, 1521இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். 1522இல் உலகைச் சுற்றி ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தது ஒரே கப்பல், அதில் 18 பேர். வரும் வழியில் கேப் வெர்டே தீவில் இறங்கியவர்களுக்குக் குழப்பம். தங்கள் கணக்குப்படி புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. நாள் தவறாமல் குறித்துவந்தும் ஒரு நாளைக் காணோம். மேற்கே போய்ச் சுற்றினால் அப்படித்தான் ஆகும். இப்போது பன்னாட்டுத் தேதிக்கோட்டை மேற்கு நோக்கித் தாண்டும்போது கப்பலே ஒரு நாளைக் காலண்டரிலிருந்து எடுத்துவிடுகிறது. எங்கள் பயணத்தில் அப்படிப் போன நாள் என் வீட்டுக்காரரின் பிறந்தநாள். அந்த வருடத்துக்கு வயது ஏறவில்லை என்று இன்றுவரை வாதாடுகிறார்.

கொச்சிக்கு முந்தின நாள் ஒருமுறை மதுரையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழகரை எடுத்துக்கொண்டேன். அழகர்மலையிலிருந்து புறப்பட்டு, வழியெல்லாம் சாமியை இறக்கி மரியாதை செய்யும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் இறங்கி இறங்கி வருவதற்குள் தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிடுகிறது என்று மதுரையில் சொல்லும் கதை அது. கப்பலில் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. துறைமுகத்தில் கடைகடையாக ஏறி இறங்கி, சங்கு ஊதும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவருபவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டிப் பார்ப்பது அவர்களுக்குத் தினசரிக் காட்சி. "அழகரும் கப்பலைத் தவறவிட்டார்" என்றேன். அரங்கம் அதிர்ந்தது.

போன சித்திரையில் விசா வேலையாக ஊருக்கு வந்திருந்தபோது அண்ணா நகரில் ஓய்வூதியர்கள் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள். பொன்னாடை, "மைக் டெஸ்டிங் ஒன் டூ", அப்புறம் தலைவர் எழுந்து திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றார். நான் திரவியத்தைக் கரைக்கப் போனவள் என்று ஆரம்பித்தேன். இங்கே திசையை மாற்றிக்கொண்டேன். கப்பலில் அழகரைச் சொல்லக் கப்பலைச் சொன்னவள், இங்கே கப்பலைச் சொல்ல அழகரைச் சொன்னேன். "பல்லக்கு எங்கே போகிறதோ அதுதான் அவருக்கு வீடு. மண்டகப்படிக்கு மண்டகப்படி இறங்குவார், மரியாதை வாங்குவார், மறுபடி ஏறிக்கொள்வார். நாங்களும் அப்படித்தான்."

கப்பல்காரர்கள் பேச்சு முடியும் வரை காத்திருந்து கை தூக்குவார்கள். நம் ஆட்கள் நடுவிலேயே கேட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் சௌகரியம். "தயிர் உண்டா?" உண்டு, புளிக்காது. "வாந்தி வராதா?" கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை எடுங்கள், ஆட்டம் குறைவு. "பென்ஷன் நேர்காணலுக்கு?" ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி உயிரோடிருப்பதை நிரூபித்தேன். "அங்கேயே ஏதாவது ஆகிட்டா?" கப்பலில் டாக்டர் உண்டு, குளிர் அறையும் உண்டு. குளிர் அறை என்றதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

இரண்டாவது வரிசையிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், பழைய பஸ் கண்டக்டராம், எழுந்தார். "டீச்சர், ஆயிரக்கணக்குல சனம். குளிக்கக் கொள்ள தண்ணிக்கு என்ன பண்றாங்க?" இத்தனை கப்பலில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. மதுரைக்காரர் கேட்டுவிட்டார். கடல்நீரைத்தான் நல்ல தண்ணீராக்குகிறார்கள், இன்ஜின் சூட்டில் ஆவியாக்கிக் குளிரவைப்பது ஒரு வழி, சவ்வுக்குள் அழுத்தி வடிகட்டுவது இன்னொரு வழி என்றேன். "இருபத்துநாலு மணி நேரமும் வருமா?" வரும். சுற்றுமுற்றும் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்தார்.

"அதெல்லாம் சரி. அழகர் பூப்பல்லக்கு முடிஞ்சா மலைக்குத் திரும்பிடுவாரே. நீங்க சொல்லுங்க, ஒங்க மலை எது?"

"சென்னை விசா ஆபீஸ்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். திருநகரில் நாத்தனார் வீட்டுப் பரணில் கிடக்கும் எங்கள் இரண்டு ட்ரங்குப் பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. அதை மேடையில் சொல்லத் தோன்றவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்து நன்றியுரைக்கு ஆள் கூப்பிட்டுக் காப்பாற்றினார்.

வெளியே தொன்னையில் சுண்டல் கொடுத்தார்கள். அவர் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நம்ம வீட்டு மேல் போர்ஷன் சும்மாதான் கெடக்கு. வருசத்துக்கு ரெண்டு மாசம் வந்து இருந்தாலும் சரிதான். வாடகை பாத்துப் பேசிக்கலாம்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுண்டலில் தேங்காய் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

"தண்ணி எப்படி வரும்ணே?" என்று கேட்டேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றார்.