யாஷிகா மேட்டும் எங்கள் ஊர் வெயிலும்

யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய பிலிம் கேமராவில் வெளிச்சம் அளக்க ஒரு மீட்டர் உண்டு. அதற்கான பாதரச பேட்டரி இப்போது கடைகளில் கிடையாது. அதே அளவில் வரும் புது பேட்டரியைப் போட்டால் முள் என்னவோ ஆடும். ஆனால் பழையது 1.35 வோல்ட், புதியது 1.5. முள் காட்டுவதை அப்படியே நம்ப முடியாது. அதனால் மீட்டரை விட்டுவிட்டு, கண்ணால் வெளிச்சம் பார்க்கப் பழகினேன். இந்தக் கேமராவில் கற்றுக்கொள்ள வேண்டியது முக்கால்வாசி அதுதான் என்பேன். மற்றதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும்.

கேமரா என்னிடம் வந்தது கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடமிருந்து. 1970-லிருந்து 1986 வரை தயாரித்த மாடல். மேல் லென்ஸ் நாம் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. 120 ரோல் போட்டால் 12 படம், எல்லாம் சதுரம். நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டருக்கு 56. சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமைப் போல மூன்றரை மடங்கு பரப்பு. காரை பெயர்ந்த சுவரை எடுத்தால் செங்கல்லின் பொரிவு வரை தெரிகிறது.

கொடுக்கும்போது அவர் மாடிக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினார். "தம்பி, சூரியனைப் பாக்காதீங்க. கையை நீட்டி நிழலைப் பாருங்க" என்றார். விரல்களின் நிழல் கத்தரித்த மாதிரி விழுந்தால் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 16. எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். ஓரம் மங்கினால் 11. நிழல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தால் 8. நிழலே இல்லாத மூடாக்கு என்றால் 5.6. ஷட்டர் வேகம் பிலிமின் வேக எண்ணை ஒட்டியே இருக்கும்: 100 பிலிமுக்கு 1/125 நொடி, 400 பிலிமுக்கு 1/500 நொடி. ஸ்டுடியோக்காரர்கள் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் வருஷக்கணக்காக நம்பியது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் அந்தக் கணக்கு வெயிலில் நிற்கும் பொருளுக்கு. நெகட்டிவ் பிலிமில் நிழலில் பதியாதது பதியாததுதான். பிறகு என்ன செய்தாலும் வராது. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் அது தாங்கிக்கொள்ளும். ஆகவே படத்தில் எந்த இருட்டுக்குள் விவரம் வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்குத் தகுந்தபடி திறக்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது நடவு வயல். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் எங்கள் பக்கம் குறுவை நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுவார்கள். தலையில் துண்டு, முகம் சேற்றைப் பார்த்து. முகம் முழுக்க இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. வயலில் கட்டியிருக்கும் தண்ணீரில் வெயில் பட்டு மேலே எழும்பி, தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் விழுகிறது. அவர்கள் கால் எடுத்து வைக்கும்போது தண்ணீர் அசைய, அந்த வெளிச்சமும் கன்னத்தில் நெளிகிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய அதிசயம். 400 பிலிமில் 1/500 வைத்து, 16-லிருந்து இரண்டு ஸ்டாப், அதாவது இரண்டு படி, திறந்து 8-ல் எடுத்தால் அந்த முகங்கள் வருகின்றன. ஆனால் பயிர் தூர் கட்டி மூடிவிட்டால் இந்த வெளிச்சம் இல்லை. களை எடுக்கும்போது அதே பெண்கள், அதே குனிவு, முகம் மட்டும் இருண்டுவிடுகிறது. அப்போது இன்னும் ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும்.

வரப்பில் உட்கார்ந்து கேமராவை முழங்காலில் வைத்து மேலிருந்து பார்ப்பதால், குனிந்தவர்களின் மட்டத்துக்கே லென்ஸ் இறங்கிவிடும். திரையில் இடம் வலமாகத் தெரியும், ஆட்கள் நகரும்போது கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பப் பழக வேண்டும். ஒரு அக்கா கரையேறி வந்து எட்டிப் பார்த்தார். "அட, கலராவுல்ல தெரியுது!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். அன்று நடவு கொஞ்ச நேரம் நின்றுபோனது.

பிலிம் கழுவுவதுதான் டெல்டாவில் கஷ்டம். படத்தை வெளிக்கொண்டுவரும் ஐடி-11 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்தால், இல்போர்டு எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம். சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கழுவினால் நேரம் ரொம்பக் குறுகி, படம் திட்டுத்திட்டாக வரும். அதனால் மண்பானைத் தண்ணீரை வாளியில் ஊற்றி, ஐஸ் கட்டிகளைக் கவரோடு போட்டு, பாட்டில்களை அதில் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். அப்போது 9 நிமிடம். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிலிமின் மேல்பூச்சு வெடிக்கும். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்பு பூத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் ஐப்பசி மழை. தோல் உறை பார்க்க அழகுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்து லென்ஸில் பூஞ்சை வரவழைக்கும். உறையைத் தனியே பீரோவில் வைத்துவிட்டு, கேமராவை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன்.

அடுத்து தாராசுரம் போக வேண்டும். ஐராவதேசுவரர் கோயில் மண்டபத்தில், தேர்ச்சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்கும் இடத்தில், தூண்களுக்கு உள்ளே கை நிழல் விழாது. அங்கே அரை நொடி, ஒரு நொடி வரை போக வேண்டியிருக்கும். பழைய ஷட்டர்களில் எண்ணெய் இறுகி முதலில் இழுப்பது இந்த மெதுவான வேகங்கள்தான். செல்போனில் சத்தத்தைப் பதிவுசெய்து, என் கேமராவின் ஒரு நொடி உண்மையில் எவ்வளவு என்று அளந்துகொண்டிருக்கிறேன்.